மணிமுத்தாற்றில் இட்ட பொன்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

தோற்றுவாய்

திருமுதுகுன்றம் என்று தேவாரம் போற்றும் இவ்விருத்தாசலத்திற்குரிய பழங்கதை ஒன்றினைச் சேக்கிழார் பெருமான் ஏயர்கோன் கலிக்காம நாயனார் புராணத்துள் விரித்துரைக்கிறார். சுந்தரர் முதுகுன்றத்து இறைவனைப் பாடி 12,000 பொன் பெறுகிறார். அப்பொன் திருவாரூரில் தமக்குக் கிடைத்தல் வேண்டும் என விழைகிறார். மணிமுத்தாற்றில் இட்டுவிட்டு ஆரூர்க் குளத்தில் எடுத்துக்கொள்க என்று இறைவன் பணிக்கிறான். அவ்வாறே சுந்தரர் பொன்னை ஆற்றில் இடுகிறார். 'ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது' என்னும் வழக்கு இதனோடு சேர்த்தே நம் ஊர்ப்புறத்தில் சொல்லப்படுகிறது.

பலரும் இக்கதையை இவ்வளவில் நிறுத்திக்கொள்வர். சேக்கிழார் நிறுத்தவில்லை. பொன்னை ஆற்றில் இடுமுன் அதிலிருந்து ஒரு சிறு துணுக்கை வெட்டிச் சுந்தரர் தம்மிடம் வைத்துக்கொண்டார். அதற்கு 'மச்சம்' என்று பெயர். ஆரூரில் குளத்திலிருந்து எடுத்த பொன்னை அம்மச்சத்தோடு உரைத்துப் பார்த்தபோது மாற்றுக் குறைந்திருக்கக் கண்டார். மீண்டும் பாடினார், மாற்று ஒத்தது. பொன்னை அளித்தவன் இறைவன். பெற்றவர் அவனுக்குத் தோழர். அவ்வாறாகியும் மச்சம் வெட்டி வைத்துக்கொள்ளும் வழக்கத்தைத் தோழர் கைவிடவில்லை. பொன் கடந்துவந்த வழி நெடியது என்பதை அவர் அறிந்திருந்தார்.

இன்று உலகெங்கும் லினக்சு என்னும் இயங்குதளத்தைக் காத்துவரும் கணினி மேலாளர் ஒவ்வொருவரும் நாள்தோறும் செய்துவரும் செயல் இதுவே. தொலைவிலிருந்து ஒரு மென்பொருளை இறக்கிக்கொண்டதும் அதன் 'மச்சத்தை' ஒப்பிட்டுப் பார்ப்பர். அவர்கள் அதனைச் செக்சம் என்பர். எத்துணைப் பெரிய கோப்பாயினும் அதனை ஒரு கணக்கீட்டிற்கு உட்படுத்தி 64 குறிகள் கொண்ட ஒரு சிறு அடையாளத்தைப் பெறுகின்றனர். கோப்பில் ஓர் எழுத்து மாறினும் அடையாளம் முற்றாக மாறிவிடும். வெளியிட்டவர் அறிவித்த அடையாளமும் வந்து சேர்ந்த கோப்பின் அடையாளமும் ஒத்தாலன்றி அதனை நிறுவுவதில்லை.

கணினிக் காவலர்தம் நடைமுறைகளை ஏடு காத்த தமிழ் மரபோடும், குறளின் அரசியல் என்னும் இயல் வகுத்த நெறிகளோடும் பொருத்திக் காண்பதும், அவற்றுள் கவிஞர்களுக்குப் பயன்படுவன யாவை எனத் தெரிவதும் இவ்வுரையின் நோக்கமாகும்.

லினக்சும் தமிழகமும்

1991ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 25ஆம் நாள், பின்லாந்து நாட்டு எல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராக இருந்த லினசு டோர்வால்ட்சு, தாம் ஓர் இயங்குதளம் எழுதிவருவதாகவும், அது வெறும் பொழுதுபோக்கே என்றும் ஒரு சிறு மடலில் அறிவித்தார். அப்போது அவருக்கு அகவை 21. அதற்கு எட்டாண்டுகள் முன்னரே, 1983இல், ரிச்சர்டு சுடால்மன் யாவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் உரிமையுள்ள க்னூ என்னும் மென்பொருள் திட்டத்தை அறிவித்திருந்தார். இவ்விரண்டும் கூடியதே இன்று லினக்சு என வழங்குவது. உலகின் மிக விரைவான 500 மீக்கணினிகள் எனப் பட்டியலிடப்படுவன அனைத்தும் 2017ஆம் ஆண்டு நவம்பர் முதல் லினக்சிலேயே இயங்கி வருகின்றன. அவையோர் பலரின் கையிலுள்ள ஆண்டிராய்டு கைப்பேசியின் உட்கருவும் அதுவே.

தமிழகத்திற்கும் இதில் பங்குண்டு. சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் பாஸ் என்னும் இந்திய லினக்சுத் தொகுப்பை 2007இல் வெளியிட்டது. அதே காலத்தில் தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனம், அப்போது அதன் மேலாண்மை இயக்குநராக இருந்த சி. உமாசங்கர் அவர்களின் முயற்சியால், தன் கணினிகளைச் சூசே லினக்சிற்கு மாற்றியது. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோசோடு பாஸ் லினக்சும் சேர்த்து வழங்கப்பட்டது. கட்டற்ற மென்பொருளைத் தமிழில் விளக்குவதற்கென்றே கணியம் என்னும் மின்னிதழ் 2012இல் தோன்றியது. நமக்கு அண்மையில் விழுப்புரத்திலும் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர் குழு ஒன்று ஊர்ப்புற மாணவர்க்குப் பயிற்சியளித்து வருகிறது. எனவே இது நமக்கு அயலான பொருளன்று.

தெரிந்துசெயல்வகை

குறளின் 47ஆம் அதிகாரம் தெரிந்துசெயல்வகை. எண்ணிப் பார்த்தபின் தொடங்குக, தொடங்கியபின் எண்ணுவோம் என்பது இழுக்கு என்பது அதன் உயிர்க்கருத்து. லினக்சில் 'ஆர்எம்' என்றொரு கட்டளை உண்டு. கோப்பை அழிப்பது அதன் தொழில். திரையில் படங்களைச் சொடுக்கிப் பணிபுரிவோர்க்குக் குப்பைத்தொட்டி ஒன்று உண்டு, எறிந்ததை மீட்கலாம். கட்டளை வரியில் அது கிடையாது. 'உறுதியாகவா?' என்ற வினாவும் இயல்பாக எழுவதில்லை. சொன்னதை அப்படியே செய்து முடித்துவிட்டு, ஒன்றும் நிகழாதது போல அடுத்த கட்டளைக்குக் காத்து நிற்கும்.

தாமரை என்பது ஒரு மலர். பிரித்தால் 'தா, மரை' என்று தாவுகின்ற மான் ஆகிறது. இதனைப் பொதுமொழி என்று நன்னூல் வகுத்தது. சொற்களுக்கிடையே விடும் வெற்றிடம் பொருளை மாற்றும் என்பது தமிழ் கற்றார் அனைவரும் அறிந்ததே. 2011ஆம் ஆண்டில் பம்பிள்பீ என்னும் லினக்சு மென்பொருளை நிறுவும் நிரலில், அழிக்க வேண்டிய அடைவின் பெயருக்கு நடுவே தவறுதலாக ஒரு வெற்றிடம் நுழைந்துவிட்டது. பெயர் இரண்டாகப் பிரிந்தது. அதன் விளைவாக, ஒரு சிறு உள்ளடைவை அழிக்க வேண்டிய கட்டளை, பயன்பாட்டு மென்பொருள்கள் பெரும்பாலும் உறையும் 'யுஎஸ்ஆர்' என்னும் பேரடைவையே அழிக்கப் புகுந்தது. ஒரு விரல்தட்டல் அளவுள்ள வெற்றிடம் செய்த வேலை இது.

ஆகவே தேர்ந்த மேலாளர் ஒரு வழக்கம் வைத்துள்ளனர். அழிக்கும் கட்டளையை எழுதுமுன், அதே பெயர்க்குறிப்பைக் கொண்டு 'எல்எஸ்' என்னும் பட்டியலிடும் கட்டளையை முதலில் இடுவர். எவை அழியும் என்பது கண்முன் வந்து நிற்கும். பட்டியல் சரியெனக் கண்டபின்னரே ஈரெழுத்தை மாற்றுவர். தம் கவிதையை அச்சுக்கு அனுப்புமுன் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்க்கும் கவிஞரின் வழக்கம் போன்றது இது.

தெரிந்துவினையாடல்

இச்செயலை இக்கருவியால் இவர் முடிப்பர் என ஆராய்ந்து, பின் அச்செயலை அவர் பொறுப்பில் விடவேண்டும் என்பது 52ஆம் அதிகாரத்தின் கருத்து. லினக்சில் ஒவ்வொரு கோப்பிற்கும் மூவகை மாந்தர் வகுக்கப்பட்டுள்ளனர்: உடையவர், அவர்தம் குழுவினர், ஏனையோர். ஒவ்வொரு வகையினர்க்கும் மூன்று உரிமைகள்: படித்தல், எழுதுதல், இயக்குதல். படித்தலுக்கு 4, எழுதுதலுக்கு 2, இயக்குதலுக்கு 1 என மதிப்பிட்டுக் கூட்டுவர். 640 என்றால் உடையவர் படிக்கவும் திருத்தவும் செய்யலாம், குழுவினர் படிக்கலாம், ஏனையோர்க்கு ஒன்றுமில்லை. 777 என்றால் யார் வேண்டுமாயினும் எதுவும் செய்யலாம். 'வேலை நடக்கவில்லையே' என்று சலித்து 777 இடுபவரைக் கண்டால், வீட்டுக் கதவு இறுகிக்கொண்டதென்று சுவரை இடித்தவரைக் கண்டது போல மூத்தோர் நகைப்பர்.

இவ்வெல்லைகளுக்கு அப்பாற்பட்டவர் ஒருவர் உளர். அவரை 'ரூட்' என்பர்; வேர்ப் பயனர் எனலாம். அவர் எதையும் படிப்பார், மாற்றுவார், அழிப்பார். தடுப்பார் பெரும்பாலும் இலர். அதனாலேயே அறிவுடைய மேலாளர் எந்நேரமும் வேர்ப் பயனராக அமர்ந்திருப்பதில்லை. வேண்டும்போது மட்டும் ஒரு கட்டளைக்கு மட்டும் அவ்வுரிமையைப் பெறுவதற்கு 'சூடோ' என்னும் கருவி உண்டு. 1980ஆம் ஆண்டையொட்டி, நியூயார்க்கு மாநிலப் பல்கலைக்கழகத்தின் பஃபலோ வளாகத்தில் பாப் காக்சால், கிளிப் இசுபென்சர் ஆகிய இருவர் இதனை உருவாக்கினர். யார், எப்போது, எக்கட்டளைக்காக உரிமை பெற்றார் என்பதையும் அது குறித்து வைக்கிறது.

பீங்கான் ஊராகிய விருத்தாசலத்தார்க்கு இது புதிதன்று. இங்குச் சுடப்படும் பீங்கான் மின்காப்பிகளின் வேலை என்ன? மின்சாரம் செல்ல வேண்டிய கம்பியில் செல்ல, தொடக்கூடாத கம்பத்தைத் தொடாமல் காப்பது. பீங்கான் ப்யூஸ் கேரியரின் வேலை, அளவு மீறிய மின்னோட்டம் வந்தால் உள்ளிருக்கும் மெல்லிய கம்பி தான் உருகி வீட்டைக் காப்பது. கம்பம் ஏறுமுன் அந்தக் கேரியரைக் கழற்றித் தம் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளும் மின்பணியாளர், தாம் இறங்கும் வரை வேறொருவர் அதனை மாட்டிவிட இயலாது என்பதை உறுதி செய்துகொள்கிறார். உரிமையைத் தேவையின் அளவிற்கே வழங்குதல், தவறு நேரின் அது பரவாது தடுத்தல், செயல் முடியும் வரை திறவுகோலைத் தம்மிடமே வைத்திருத்தல் ஆகிய மூன்றும் கணினிக் காவலின் அடிப்படைகளாகும்.

சுட்ட மண்ணும் கடவுச்சொல்லும்

பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த இராபர்ட்டு மாரிசு, கென் தாம்சன் ஆகிய இருவர் 1979இல் கடவுச்சொல் குறித்து ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். பயனர்கள் தேர்ந்தெடுத்த 3,289 கடவுச்சொற்களை ஆராய்ந்தபோது 15 பேர் ஒற்றைக் குறியையே கடவுச்சொல்லாக வைத்திருந்தனர். 72 பேர் இரண்டே குறிகளை வைத்திருந்தனர். மிகக் குறுகியவை, அகராதியிலோ பெயர்ப் பட்டியலிலோ கிடைப்பவை என எளிதில் கண்டறியத்தக்கவை மொத்தம் 2,831. நூற்றுக்கு 86 என்பது அக்கணக்கு. மனித இயல்பைக் காட்டும் இவ்வெண் எந்தப் புலவரின் அங்கதத்திற்கும் குறைந்ததன்று.

கடவுச்சொல்லைக் கணினி அப்படியே எழுதி வைப்பதில்லை. பீங்கான் தொழிலாளர் அறிந்த உண்மை ஒன்று இதனை விளக்கும். களிமண்ணைச் சூளையில் சுட்டபின் அதனை மீண்டும் குழைந்த மண்ணாக்க இயலாது. ஆயினும் அதே மண், அதே அச்சு, அதே வெப்பம் எனின் அதே கலம் கிடைக்கும். கணினியும் கடவுச்சொல்லைச் சுட்டுவிட்டுக் கலத்தை மட்டுமே வைத்துக்கொள்கிறது. பயனர் மீண்டும் சொல்லைத் தரும்போது அதனையும் சுட்டு, கலம் ஒத்திருக்கிறதா என்று பார்க்கிறது. கலம் திருடுபோனாலும் மண் கிடைப்பதில்லை.

இருவர் ஒரே சொல்லைத் தேர்ந்தால் கலங்களும் ஒன்றாகிவிடுமே என்னும் ஐயத்திற்கு விடையாக, சுடுமுன் ஒவ்வொருவர் சொல்லோடும் சிறிது வேறுபட்ட ஒன்றைக் கலந்தனர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் உப்பு. ஊறுகாய்ச் சாடிகளுக்கு மெருகேற்ற எரியும் சூளையில் உப்பெறியும் தொழில்முறையை அறிந்தார்க்கு இப்பெயர் இனிக்கும். 1979ஆம் ஆண்டின் அக்கட்டுரை விளக்கிய முறையில் 4,096 வகை உப்புகள் இருந்தன.

வரலாற்றின் நகைமுரண் ஒன்றும் இங்கே உண்டு. 1988 நவம்பர் 2ஆம் நாள் இணையத்தில் பரவி, அக்கால மதிப்பீட்டின்படி ஏறத்தாழ 6,000 கணினிகளை முடக்கிய புழு நிரலை எழுதியவர், இம்மாரிசின் மகன். அந்நிரல் கடவுச்சொற்களை ஊகிக்கத் தன்னுள் சுமந்து சென்ற பட்டியலில் 432 சொற்கள் இருந்தன.

கவிஞர்க்கு இதிலிருந்து கிடைக்கும் அறிவுரை எளியது. குறுகிய சொல்லில் குறிகளைத் திணிப்பதினும், தொடர்பற்ற பல சொற்களைக் கோத்த நெடுந்தொடர் வலியது. அமெரிக்கத் தர நிறுவனம் 2017இல் வெளியிட்ட வழிகாட்டியும் நீளத்தையே வலியுறுத்தியது. காரணமின்றி அடிக்கடி மாற்றச் செய்தலைக் கைவிடச் சொன்னது. புகழ்பெற்ற பாடலடியைக் கடவுச்சொல்லாக வைப்பது கூடாது. உலகறிந்த அடியைத் திருடனும் அறிவான்.

தெரிந்துதெளிதல்

ஆராயாமல் ஒருவரை நம்புவதும், ஆராய்ந்து நம்பியபின் அவரை ஐயுறுவதும் ஆகிய இரண்டும் தீராத துன்பம் தரும் என்பது 51ஆம் அதிகாரத்தின் முடிபு. இதன் முன்பாதியைக் கணினியுலகம் 2024இல் உணர்ந்தது.

கோப்புகளைச் சுருக்கப் பயன்படும் 'எக்சுஇசட்' என்னும் சிறு கருவி பெரும்பாலான லினக்சுத் தொகுப்புகளில் உண்டு. இலாசே காலின் என்பவர் அதனை நெடுங்காலம் ஊதியமின்றிப் பேணி வந்தார். ஜியா டான் என்னும் பெயரில் ஒருவர் அவருக்கு உதவ முன்வந்தார். இரண்டாண்டுகளுக்கும் மேலாகப் பொறுமையுடன் நல்ல திருத்தங்கள் அனுப்பி நம்பிக்கை பெற்றார். இறுதியில் வெளியிடும் உரிமையையும் பெற்றார். பின்னர் 2024 தொடக்கத்தில் வெளியான இரு பதிப்புகளில், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் கள்ள வாயில் ஒன்றை மறைத்து வைத்தார். அப்பெயர்க்குரியவர் யார் என்பது உலகிற்குத் தெரியவரவில்லை.

அதனைக் கண்டுபிடித்தவர் ஆண்டிரசு பிரூண்டு என்னும் மென்பொருளாளர். தம் கணினியில் நுழைவு வழக்கத்தைவிட ஏறத்தாழ அரை நொடி தாமதமாவதை உணர்ந்தார். அரை நொடிதானே என்று விட்டுவிடவில்லை. வேரைத் தேடிச் சென்று, 2024 மார்ச்சு 29ஆம் நாள் உலகிற்கு அறிவித்தார். அக்கள்ளப் பதிப்புகள் பெரும்பாலான கணினிகளைச் சென்றடையுமுன்னரே தடுக்கப்பட்டன. மச்சத்தோடு உரைத்துப் பார்த்தபோது மாற்றுக் குறைவைக் கண்ட கண்ணும், அரை நொடித் தாமதத்தை உணர்ந்த செவியும் ஓரினத்தன. ஒரு பாட்டில் தளை தட்டுமிடத்தைச் செவியாலேயே உணரும் புலவர்க்கு இப்பயிற்சியின் அருமை நன்கு விளங்கும்.

இங்கு மற்றொன்றும் எண்ணத்தக்கது. காலின் தனியராய்ச் சோர்ந்திருந்த வேளையிலேயே அந்நிய உதவி உள்ளே நுழைந்தது. பொதுவாக நுகரப்படும் ஒரு பணியை ஒரே ஒருவர் தோளில் சுமத்திவிட்டு ஏனையோர் வாளாவிருத்தல் காவலுக்குக் கேடாகும். இலக்கிய அமைப்புகளுக்கும் இது பொருந்தும்.

பொச்சாவாமை

மகிழ்ச்சியின் மயக்கத்தால் கடமையை மறவாமை பொச்சாவாமை; அது குறளின் 54ஆம் அதிகாரம். எல்லாம் நன்றாக நடக்கும் நாளில்தான் படியெடுத்தல் மறக்கப்படுகிறது.

2017 சனவரி 31ஆம் நாள் கிட்லேப் என்னும் நிறுவனத்தில், களைத்திருந்த பொறியாளர் ஒருவர் துணைக் கணினியில் இருப்பதாக எண்ணி முதன்மைக் கணினியின் தரவு அடைவை அழிக்கும் கட்டளையை இட்டார். ஓரிரு நொடிகளில் உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் ஏறத்தாழ 300 கிகாபைட்டில் எஞ்சியது 4.5 கிகாபைட்டு மட்டுமே. படியெடுக்க ஐந்து ஏற்பாடுகள் இருந்தன. ஐந்தும் நம்பத்தக்கவாறு இயங்கவில்லை என்பது அன்றுதான் தெரிந்தது. ஆறு மணி நேரம் முன்பு வேறொரு தேவைக்காகக் கையால் எடுக்கப்பட்டிருந்த ஒரு படியே அவர்களைக் காத்தது. அந்நிறுவனம் இதனை மறைக்கவில்லை. மீட்புப் பணியை உலகோர் காண நேரலையில் ஒளிபரப்பியது. அந்நேர்மை இன்றும் பாராட்டப்படுகிறது.

1998இல் டாய் ஸ்டோரி என்னும் அசைவூட்டப் படத்தின் இரண்டாம் பாகம் உருவாகிக்கொண்டிருந்தபோது, யாரோ இட்ட அழிப்புக் கட்டளையால் அப்படத்தின் பெரும்பகுதி மறைந்தது. படிகளை எடுத்துப் பார்த்தால் அவையும் பழுது. அண்மையில் குழந்தை பெற்று வீட்டிலிருந்தே பணியாற்றிய காலின் சுசுமன் என்னும் பெண்மணியின் வீட்டுக் கணினியில் ஒரு படி இருந்தது. அக்கணினியைப் போர்வைகளில் பொதிந்து காரில் கொண்டுவந்தனர். பின்னாளில் கதையை மாற்றிப் படத்தின் பெரும்பகுதியை மீண்டும் உருவாக்கினர் என்பது வேறு செய்தி.

படி இல்லாமையின் விலை என்ன என்பதைத் தமிழினம் பிறரிடம் கேட்டறிய வேண்டுவதில்லை. ஆடிப்பெருக்கில் ஏடுகளை ஆற்றில் விட்ட செய்திகளை உ.வே. சாமிநாதையர் வருந்தி எழுதியுள்ளார். மணிமுத்தாற்றுப் பொன் ஆரூரில் மீண்டது. அவ்வேடுகள் எக்குளத்திலும் மீளவில்லை. எஞ்சிய படிகளைத் தேடித் தொகுத்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பாடபேதம் கண்டு, 1887இல் அவர் சிந்தாமணியைப் பதிப்பித்தார். 1981ஆம் ஆண்டு மே இறுதியும் சூன் தொடக்கமுமாகிய நாள்களில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் அரிய சுவடிகளும் சாம்பலாயின. அவ்விழப்பின் நினைவு மறையாத ஈழத்தமிழ்ச் சூழலிலிருந்தே 2005இல் நூலகம் என்னும் மின்னூலகத் திட்டம் எழுந்தது.

கணினியார் இதற்கு வகுத்த விதி மூன்று, இரண்டு, ஒன்று என்பது. எதற்கும் மூன்று படிகள் வேண்டும். அவை இருவேறு வகைச் சாதனங்களில் இருத்தல் வேண்டும். அவற்றுள் ஒன்று வேற்றூரில் இருத்தல் வேண்டும். பீட்டர் க்ரோ என்னும் ஒளிப்படக் கலைஞர் பரப்பிய விதி இது. நான்காவதாகத் தேர்ந்தோர் சேர்ப்பது ஒன்றுண்டு: படியை அவ்வப்போது திறந்து மீட்டுப் பார்த்தல். கிட்லேப்பில் குறைந்தது இந்நான்காவதே.

மென்பொருளைப் புதுப்பித்தலும் பொச்சாவாமையே. 2017 மே மாதம் 150க்கும் மேற்பட்ட நாடுகளில் கணினிகளைப் பூட்டிப் பணயப்பணம் கேட்ட வான்னாக்ரை என்னும் தீநிரல் நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம், அதற்கு இரு திங்கள் முன்னரே மார்ச்சில் வெளியாகியிருந்தது. மருந்து வீட்டு வாயிலில் வந்து கிடந்தும் உண்ணாதார் பலர்.

இடுக்கணழியாமை

இடர் வரும்போது நகைக்கச் சொன்ன அதிகாரம் 63. கணினி மேலாளர் இதனை எழுத்தளவில் கடைப்பிடிப்பவர். சூடோ என்னும் கருவியை ஒரு பயனர் முதன்முறை அழைக்கும்போது அது மூன்று அறிவுரை கூறுகிறது: பிறர் மறைவை மதிக்க, தட்டச்சிடுமுன் எண்ணுக, பேராற்றலோடு பெரும்பொறுப்பும் வரும் என்று உணர்க. அறநூல் ஆசிரியர் யாரும் நாணத் தேவையில்லாத உரை இது. அதே கருவியை, தவறான கடவுச்சொல் இடுவோரை ஏசும்படியும் அமைத்துக்கொள்ளலாம். அதற்கென வசவுகளை எழுதிச் சேர்த்தே வைத்திருக்கின்றனர்.

2006இல் இராண்டல் மன்ரோ வரைந்த கேலிச்சித்திரம் ஒன்றில், ஒருவர் மற்றவரிடம் சாண்ட்விச் செய்து தரச் சொல்கிறார். 'நீரே செய்துகொள்ளும்' என்று விடை வருகிறது. 'சூடோ, செய்து தா' என்கிறார். 'சரி' என்று எழுந்துவிடுகிறார் மற்றவர். வீட்டில் இக்கட்டளையைச் சோதித்துப் பார்த்த கணவன்மார் யாரேனும் இவ்வவையில் இருப்பின், கிடைத்த விடையை அவரவரே அறிவர்.

லினக்சின் சொல்வழக்கிலும் நகையும் அவலமும் உடனுறைகின்றன. பின்னணியில் ஓசையின்றிப் பணிபுரியும் நிரல் 'டெமன்' எனப்படும், பூதம் எனலாம். ஒரு நிரல் மற்றொன்றைத் தோற்றுவித்தால் அது தாய், தோன்றியது சேய். சேய் முடிந்தபின் தாய் அதன் முடிவுச் செய்தியைக் கேட்டறியாவிடில், அச்சேய் சாகவும் மாட்டாமல் வாழவும் மாட்டாமல் பட்டியலில் பெயரளவில் நின்றுகொண்டிருக்கும். அதனை நடைப்பிணம் என்பர். தாய் முன்னரே மறைந்துவிட்டால் சேய் அனாதை. அனாதைகளை ஏற்பதற்கென்று ஒரு நிரல் உண்டு. கணினி விழித்தெழும்போது முதலில் தோன்றுவதும், எண் 1 என்னும் அடையாளம் உடையதுமாகிய நிரல் அது. தாயிழந்த அனைத்தும் பொதுவாக அதன் மடிக்கே வந்து சேரும். தாயுமானவன் என்னும் திருப்பெயரை அறிந்த நாட்டில் இதற்கு விளக்கவுரை வேண்டுவதில்லை.

'நல்' என்றொரு இடமும் லினக்சில் உண்டு. அதனுள் எதை எழுதினும் ஏற்கும். எதையும் திருப்பித் தராது. ஆற்றில் இட்டால் எக்குளத்திலும் கிடைக்காத பொன்னுக்கு அதுவே உறைவிடம்.

கவிஞர்தம் ஏடுகள்

இனி, இவ்வட்டத்தார் எண்ண வேண்டிய ஒன்று. பத்தாண்டுகளாக இங்கு அரங்கேறிய கவிதைகள் எங்கே உள்ளன? பெரும்பாலானவை கவிஞர்தம் கைப்பேசிகளில் உள்ளன. புலனக்குழு மடல்களில் உள்ளன. அச்சகத்தார் பேஜ்மேக்கரில் கோத்த கோப்புகளில் உள்ளன. கைப்பேசி நீரில் விழுந்தால் கவிதையும் விழுந்தது. அச்சகக் கணினி பழுதுற்றால் மலரும் மறைந்தது. ஒரே படி, ஒரே இடம், ஒரே ஆள் என்னும் நிலை இது.

எழுத்துக் குறியேற்றச் சிக்கல் அதனினும் நுண்ணியது. ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கென ஒரு குறியேற்றம் வைத்திருந்த காலத்தில், ஓர் எழுத்துருவில் தட்டியது மற்றொன்றில் திறந்தால் பொருளற்ற குறிகளாகத் தோன்றும். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு டாம், டாப் குறியேற்றங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் ஏற்றது. அயலகத் தமிழரிடையே டிஸ்கி வழங்கியது. யூனிகோடோ தன் முதற்பதிப்பு வெளியான 1991 முதலே தமிழுக்கு இடமளித்திருந்தது. 2010இல் தமிழ்நாடு அரசும் யூனிகோடை ஏற்றது. ஆயினும் அச்சகங்கள் பலவற்றில் பழைய எழுத்துருக்களே இன்றும் ஆள்கின்றன. அவ்வெழுத்துரு கிடைக்காத நாளில் அக்கோப்பு, படிக்கத் தெரிந்தார் எவரும் இல்லாத கல்வெட்டாகிவிடும்.

செய்யத்தக்கவை அரியன அல்ல. கவிதைகளை யூனிகோடில், அலங்காரமற்ற எளிய உரைக்கோப்புகளாகச் சேமித்தல் முதற்பணி. ஐம்பதாண்டு சென்றும் எக்கணினியும் திறக்கவல்லது அதுவே. மூன்று படிகள் எடுத்தல் இரண்டாம் பணி: ஒன்று வட்டத்தின் கணினியில், ஒன்று தனி வன்தட்டில், ஒன்று வேற்றூரில் வாழும் உறுப்பினர் ஒருவர் இல்லத்தில். ஒவ்வொரு கோப்பிற்கும் மச்சம் வெட்டி, அவ்வடையாளங்களைத் தாளில் அச்சிட்டு வைத்தல் மூன்றாம் பணி. ஆண்டு விழாவன்று இருவர் அமர்ந்து படிகளைத் திறந்து உரைத்துப் பார்த்தல் நான்காம் பணி. திருத்தும் உரிமை ஆசிரியர்க்கும் பதிப்புக் குழுவினர்க்கும், படிக்கும் உரிமை அனைவர்க்கும் என வகுத்தல் ஐந்தாம் பணி. கடவுச்சொல் ஒருவர் மனத்தில் மட்டும் இருந்து அவரோடு மறைந்துவிடாதபடி, முத்திரையிட்ட உறையில் செயலாளரிடமும் ஒரு படி இருத்தல் ஆறாம் பணி.

நிறைவுரை

ஏடு எழுதியோர், 'பிழை பொறுக்க' என்று ஈற்றில் எழுதி முடிப்பது பழைய மரபு. தம் கையும் கண்ணும் தவறும் என்பதை அவர்கள் மறைக்கவில்லை. லினக்சுக் காவலரும் அவ்வாறே தம் தவறுகளைக் கதையாகச் சொல்லி நகைத்து, அடுத்தவர் தவறாதிருக்க வழி செய்கின்றனர். பணிவும் நகையும் சேர்ந்த இடத்திலேயே காவல் நிலைக்கிறது.

இவ்வூர்ச் சூளையில் வெந்த அகல் உடைந்தால் அதே அச்சில் மற்றோர் அகல் வார்த்துவிடலாம். ஒரு கவிஞரின் ஒரே படியான கவிதைக்கு அச்சு இல்லை. எழுதியவரே மீண்டும் எழுத அமர்ந்தாலும் அது வேறொரு கவிதையாகவே பிறக்கும். பத்தாண்டுப் பொன்னை ஆற்றில் இட்டாயிற்று. இருபதாம் ஆண்டுக் குளத்தில் அதனைத் தேடுவோர் கையில் உரைத்துப் பார்க்க ஒரு மச்சமேனும் இருத்தல் வேண்டும். அதனை வெட்டி வைக்கும் வேலை, இவ்விழாப் பந்தல் பிரிக்கப்படும் நாளிலேயே தொடங்கத்தக்கது.